வட்டக்கானலில் ஒரு நாள்: முதலில் நடை, அப்புறம் சாப்பாடு

கொடைக்கானலுக்கு நாங்கள் முதல் தடவை போனது ஒரு மே மாதச் சனிக்கிழமை. மலையடிவாரத்தில் காமக்காபட்டி சோதனைச்சாவடியில் வண்டியை நிறுத்தி, மலைக்கு வண்டியில் போக இணையத்தில் எடுக்க வேண்டிய இ-பாஸைக் கேட்டார்கள். பெருமையாகக் கைப்பேசியை நீட்டினேன். சோதனை செய்தவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "சார், இது ஊட்டிக்கு எடுத்த பாஸ்." இணையப் படிவத்தில் நீலகிரியா கொடைக்கானலா என்று ஒரு கேள்வி வரும். அவசரத்தில் நான் மேலே இருந்ததைத் தட்டியிருக்கிறேன். அதைச் சரிசெய்து, நெரிசலில் ஊர்ந்து மேலே போய்ச் சேர்ந்தபோது மதியம் இரண்டு. டால்பின் நோஸ் பாறைக்கு நடந்து போனால் எதிரே வெள்ளைச் சுவர்தான், வெறும் பனிமூட்டம். பசியோடு திரும்பி, ஆறிப்போன நூடுல்ஸைத் தின்றுவிட்டு அறைக்குப் போனோம்.

அதற்குப் பிறகு மூன்று தடவை போய்வந்துவிட்டேன். இப்போது ஓரளவுக்குப் பிடிபட்டிருக்கிறது. முதல் தடவை போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஏரி, படகு, பைன் காடு, குணா குகை எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க நினைப்பவர்களுக்கு இது பயன்படாது. கொடைக்கானலை அடுத்த வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸ் பாறை வரை ஒரு காலை முழுக்க நடந்து, மீதி நாள் நன்றாகச் சாப்பிட்டுத் திரிய விரும்புகிறவர்களுக்கானது.

1. எந்த நாள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

மே மாத வார இறுதியைத் தவிர்த்துவிடுங்கள். 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டிகளுக்கு மட்டும்தான் அனுமதி என்று வரம்பே வைத்தார்கள். கூட்டம் எவ்வளவு என்பதை இதை வைத்தே புரிந்துகொள்ளலாம். அக்டோபர் முதல் டிசம்பர் தொடக்கம் வரை வடகிழக்குப் பருவமழை. பாதை வழுக்கும், அட்டை ஏறும், மலைப்பாதையில் மண்சரிவும் வரலாம்.

என் கணக்கில் ஜனவரி, பிப்ரவரிதான் நல்ல மாதங்கள். விடிகாலைக் குளிர் எலும்பைத் தொடும், ஆனால் வானம் தெளிவாக இருக்கும். வாரத்தில் செவ்வாய், புதன், வியாழன் நல்லது. ஞாயிறு சந்தையைப் பார்த்தே ஆக வேண்டுமென்றால் சனிக்கிழமை நடந்துவிட்டு ஞாயிறு காலை சந்தைக்குப் போய், மதியத்துக்குள் இறங்கிவிடுங்கள்.

2. இ-பாஸ்: காசு இல்லை, கவனம்தான் வேண்டும்

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் போகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும். இதற்குக் கட்டணம் கிடையாது. யாராவது எடுத்துத் தருகிறேன் என்று நூறு, இருநூறு கேட்டால் கொடுக்காதீர்கள். அரசின் இ-பாஸ் தளத்தில் நீங்களே பத்து நிமிடத்தில் எடுத்துவிடலாம்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: ஓடிபி வரக்கூடிய கைப்பேசி எண், வண்டிப் பதிவெண், எத்தனை பேர், எந்தத் தேதியில் நுழைந்து எந்தத் தேதியில் வெளியேறுகிறீர்கள், எங்கே தங்குகிறீர்கள் என்ற விவரம். கடைசி விவரத்துக்காகவே அறையை முதலில் பதிவு செய்துவிடுவது நல்லது.

தவறுகள் நடக்கும் இடங்கள் மூன்று. ஒன்று, என்னைப் போல ஊரை மாற்றித் தட்டுவது. இரண்டாவது, வாடகை வண்டி. பாஸ் எடுத்த பிறகு "அந்த வண்டி ரிப்பேர், வேற வண்டி அனுப்புறேன்" என்பார்கள். பதிவெண் மாறினால் பாஸும் மாற வேண்டும். முதல் நாள் இரவே எண்ணைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். மூன்றாவது, பாஸைப் படமெடுத்து வைக்காமல், சாவடியில் வந்து திறந்துகொள்ளலாம் என்று இருப்பது. சிக்னல் போய்விட்டால் வரிசையில் பின்னால் நிற்பவர்களின் ஹாரன்தான் கேட்கும். க்யூஆர் குறியீடு தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் அரசுப் பேருந்தில் போங்கள். அதில் போகிறவர்களுக்கு இ-பாஸ் தேவையில்லை. நான் இப்போதெல்லாம் அப்படித்தான் போகிறேன்.

3. பிளாஸ்டிக் பாட்டிலைக் கீழேயே விட்டுவிடுங்கள்

ஐந்து லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில், குளிர்பான பாட்டில் எதுவும் மேலே ஆகாது. பிடிபட்டால் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி. நான்கு பேர் வரும் காரில் எட்டு பாட்டில் சாதாரணமாக உருளும், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு லிட்டர் எவர்சில்வர் பாட்டில் போதும். தங்கும் இடத்தில் காய்ச்சிய தண்ணீர் கேட்டால் நிரப்பித் தருவார்கள்.

4. மேலே போகும் வழி

மதுரையிலிருந்து என்றால் ஆரப்பாளையம் பேருந்து நிலையம். மாட்டுத்தாவணிக்குப் போய் நிற்காதீர்கள். வத்தலக்குண்டு வழியாக நான்கு மணி நேரம் ஆகும், கட்டணம் 150 ரூபாய்க்குள் முடிந்துவிடும். சென்னையிலிருந்து வருகிறவர்கள் பாண்டியன் எக்ஸ்பிரஸில் கொடை ரோடு நிலையத்தில் விடியுமுன் இறங்கலாம். ஆனால் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். கொடை ரோடு இருப்பது அம்மையநாயக்கனூரில். அங்கிருந்து கொடைக்கானல் இன்னும் 80 கிலோமீட்டர். வத்தலக்குண்டு போய்ப் பேருந்து மாறுவதுதான் சிக்கனம். கோவைக்காரர்களுக்குப் பழனி வழி கிட்டம், ஆனால் வளைவுகள் அதிகம்.

வளைவு என்றதும் ஒன்று. தலைசுற்றும் வழக்கம் இருந்தால் வயிற்றைக் காலியாகவும் வைக்காதீர்கள், பொங்கல் வடையால் நிரப்பவும் வேண்டாம். இரண்டு இட்லி, இறங்கும் வரை வாயில் ஒரு துண்டு இஞ்சி. பேருந்தில் முன்பக்க இருக்கை. என் மைத்துனன் வத்தலக்குண்டில் பரோட்டா சாப்பிட்டுவிட்டு ஏறினான். மிச்சத்தை நான் எழுத வேண்டியதில்லை.

5. முதல் நாள் மாலையிலேயே முடிக்க வேண்டியவை

காலை நடைக்கு முதல் நாளே மேலே வந்து தங்கியாக வேண்டும். அன்று காலை கிளம்பி அன்றே நடந்துவிடலாம் என்ற திட்டம் பனிமூட்டத்தில்தான் போய் முடியும். அறை விஷயத்தில் மூன்று கேள்விகள் கேளுங்கள். வெந்நீர் எத்தனை மணிக்கு வரும், கூடுதல் கம்பளி உண்டா, அறையிலிருந்து வட்டக்கானல் எவ்வளவு தூரம். வார நாளில் 1,500 முதல் 2,500 ரூபாய்க்குள் இருவருக்கு ஓரளவு நல்ல அறை கிடைத்தது. மே மாதத்தில் அதே அறைக்கு இரண்டு மடங்கு சொன்னார்கள். அடையாள அட்டை எல்லோருக்கும் கேட்பார்கள், ஆதார் நகல் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கொடைக்கானலில் ஆட்டோ ஓடாது, டாக்ஸிதான். விடிகாலையில் போய்த் தேடினால் கிடைக்காது. மாலையிலேயே ஒருவரிடம் பேசி, நேரமும் காசும் முடிவு செய்து எண்ணை வாங்கிவிடுங்கள். பேருந்து நிலையத்திலிருந்து வட்டக்கானல் ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர். எங்களிடம் ஒரு வழிக்கு 400 ரூபாய் வாங்கினார். "பன்னிரண்டு இடம் காட்டுறேன், மொத்தமா வாங்கிக்கிறேன்" என்று பேச்சு நீளும். சரி என்று தலையாட்டினால் உங்கள் காலை போச்சு. "வட்டக்கானல் மட்டும், விட்டுட்டுப் போங்க" என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

இரவே பையில் போட வேண்டியவை: தண்ணீர், இரண்டு மலைவாழைப்பழம், கடலை மிட்டாய், மழைச்சட்டை, சில்லறையாக 500 ரூபாய். பாதையோரக் கடைகளில் சிக்னல் இல்லாமல் ஜிபே சுற்றிக்கொண்டே இருக்கும், ஆம்லெட் ஆறிவிடும். காலணி, பிடிப்புள்ள அடிப்பாகம் உள்ளதாக இருக்க வேண்டும். செருப்பு வேண்டவே வேண்டாம்.

6. விடிந்ததும்: சோலை வழியாக வட்டக்கானல்

கால் வலு உள்ளவர்கள் டாக்ஸியை விட்டுவிட்டு நடந்தே போகலாம். செயின்ட் மேரிஸ் சாலையில் சலேத் மாதா கோயிலைத் தாண்டிப் பாம்பார் சோலையோரமாகப் போகும் பாதை. ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆகும். மரங்கள் சாலைக்கு மேலே கூடி நிற்கும். கிளைகளிலெல்லாம் பாசி தொங்கும். வெயில் வந்த பிறகும் அங்கே தரை ஈரமாகவே இருக்கும்.

ஆனால் நன்றாக விடிந்த பிறகு கிளம்புங்கள். காட்டுமாடு நிற்கும். வீட்டு மாட்டைப் போல நினைத்து ஓரமாகத் தாண்டிவிடலாம் என்று போகக் கூடாது. நாங்கள் ஒரு திருப்பத்தில் பார்த்தோம். முழங்கால் வரை வெள்ளைக் காலுறை போட்டதுபோல் கால்கள், முதுகு என் தோளுக்கு மேலே. எங்களைப் பார்த்துக்கொண்டே அசை போட்டது. பால் எடுத்துப் போன உள்ளூர்ப் பெரியவர் ஒருவர், "நில்லுங்க தம்பி, அதுவா போகும். படம் மட்டும் எடுக்காதீங்க" என்றார். பத்து நிமிடம் நின்றோம். அதுவாகப் போனது.

வார இறுதியில் எட்டரைக்கு மேல் காரில் வந்தால் வட்டக்கானலுக்கு அரை கிலோமீட்டர் முன்பே குறுகலான சாலையில் வண்டிகள் மூக்கோடு மூக்கு நிற்கும். இறங்கி நடந்துவிடுவதே மேல்.

7. டால்பின் நோஸுக்கு இறக்கம்

வட்டக்கானல் கடைகளைத் தாண்டி வீடுகளுக்கு நடுவே பாதை கீழே இறங்கத் தொடங்கும். ஒன்றரை கிலோமீட்டர் அளவுதான். தூரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். போகும்போது முழுக்க இறக்கம் என்றால் திரும்பும்போது முழுக்க ஏற்றம். எங்களுக்கு இறங்க நாற்பது நிமிடம், ஏற ஒரு மணி கால் ஆனது. முழங்கால் வலி உள்ளவர்கள், இதய நோயாளிகள் வட்டக்கானலிலேயே தேநீர் குடித்துக்கொண்டு உட்காரலாம். அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை, அங்கிருந்தும் பள்ளத்தாக்கு தெரியும்.

பாதையின் நடுப்பகுதியில் மண் அரித்துப்போய் மரவேர்கள்தான் படிக்கட்டு. பல காலம் மிதிபட்டு மேல்தோல் உரிந்து வழவழவென்று இருக்கும். காய்ந்திருந்தால் வேரில் கால் வைக்கலாம். பனி விழுந்து ஈரமாக இருந்தால் வேருக்கும் வேருக்கும் நடுவே உள்ள மண்ணில் வையுங்கள். என் மனைவி வேர் மேலேயே வைத்து இரண்டு தடவை உட்கார்ந்தாள். மூன்றாவது தடவை பக்கவாட்டில் திரும்பி நண்டு மாதிரி இறங்கக் கற்றுக்கொண்டாள், அதுதான் சரியான முறை. குச்சி ஒன்று கையில் இருந்தால் பாதிப் பாரம் குறையும்.

ஏழரை, எட்டுக்குள் பாறைக்குப் போய்விட்டால் கீழே பெரியகுளம் பக்கத்துச் சமவெளி வரை தெரியும். பத்தரை, பதினொன்றுக்கு மேல் பள்ளத்தாக்கிலிருந்து பனிமூட்டம் புகைபோல் ஏறி வந்து மூடிவிடும். சில நாள் பத்து நிமிடத்தில் விலகும், சில நாள் மாலை வரை விலகாது.

பாறை நுனி விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன். கீழே பெரும் பள்ளம். படம் எடுக்கப் போய்த் தவறி விழுந்தவர்கள் உண்டு. நுனியிலிருந்து நான்கைந்து அடி தள்ளி உட்கார்ந்தாலும் காட்சி அதேதான். குழந்தைகளின் கையை விடாதீர்கள்.

தெம்பு இருந்தால் இன்னும் கால் மணி நேரம் நடந்தால் எக்கோ ராக். கூட்டம் குறைவு. அதற்கும் கீழே ஒற்றையடிப் பாதை வெள்ளகவி கிராமத்துக்குப் போகும். ஊருக்குள் செருப்புப் போட்டு நடக்கும் வழக்கமில்லாத ஊர் அது. ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் நினைத்தவுடன் இறங்கிவிடாதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் உயிரிழந்த பிறகு, காட்டுக்குள் மலையேற்றத்துக்கு வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் கட்டாயம். 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' தளத்தில் 40 பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். அடையாள அட்டையோடு முன்பதிவு செய்ய வேண்டும், உள்ளூர் வழிகாட்டி உடன் வருவார். காட்டுத்தீ அபாயம் உள்ள கோடை வாரங்களில் மூடிவிடுவார்கள். அதனால் பயணச்சீட்டு வாங்குவதற்கு முன் தளத்தைப் பாருங்கள். அதற்கென்று தனி நாள் ஒதுக்குங்கள், இந்தக் காலை நடையோடு சேர்க்காதீர்கள்.

8. ஏற்றத்தில் பிரெட் ஆம்லெட்

இறங்கும்போது கடைகளில் நிற்காதீர்கள். வயிறு நிறைந்தால் இறக்கத்தில் குலுங்கும், நேரமும் போகும். ஏறும்போது பாதி வழியில் தார்ப்பாய் போட்ட கடைகள் இருக்கும். அங்கே உட்காருங்கள். நாங்கள் சாப்பிட்ட கடையில் ஒரு அக்கா, இரும்புக் கல்லில் வெங்காயம், பச்சை மிளகாய், துருவிய கேரட் போட்டு இரண்டு முட்டையை ஊற்றினார். அது பாதி வேகும்போதே பிரெட்டை மேலே வைத்து அழுத்திப் புரட்டிப் போட்டார். பிரெட்டின் ஓரம் முறுகும்வரை எடுக்கவில்லை. மிளகுத்தூள் கொஞ்சம் தாராளம். 70 ரூபாய். குளிரில் வியர்த்துப்போய் உட்கார்ந்து சாப்பிட்ட அந்த ஆம்லெட்டை வீட்டில் நான்கு தடவை செய்து பார்த்துவிட்டேன், வரவில்லை.

கூடவே இஞ்சி போட்ட எலுமிச்சைத் தேநீர் கேளுங்கள். குப்பையை அங்கே போடாமல் பையில் எடுத்து வாருங்கள்.

9. மதியம்

பத்தரைக்குள் மேலே வந்துவிட்டால் வட்டக்கானலிலேயே அரை மணி நேரம் சும்மா இருங்கள். இஸ்ரேல் நாட்டுப் பயணிகள் வருடக்கணக்கில் வந்து தங்கிய ஊர் என்பதால் சின்னச் சின்னக் கடைகளில்கூட ஹம்மஸ் என்ற கொண்டைக்கடலை மசியல், ஃபலாஃபல் என்ற கொண்டைக்கடலை வடை, ஷக்‌ஷூகா கிடைக்கும். ஷக்‌ஷூகா என்பது நம் தக்காளித் தொக்கில் முட்டையை உடைத்து ஊற்றியது மாதிரி. அம்மாவுக்குச் சொன்னபோது, "இதுக்கா அவ்வளவு தூரம் போனே?" என்றார். செய்து முடிக்க நேரம் எடுப்பார்கள். அவசரம் என்றால் கேட்காதீர்கள்.

ஊருக்குத் திரும்பினால் பி.டி. சாலைப் பக்கம் திபெத்தியச் சாப்பாடு. மோமோவைவிடத் துக்பாவைச் சொல்லுவேன். நூடுல்ஸும் காய்கறியும் நிறையச் சாறும் உள்ள ஒரு கிண்ணம், நடந்து வலித்த காலுக்கு ஒத்தடம்போல் இறங்கும். இரண்டு பேருக்கு 400 ரூபாய்க்குள் முடிந்தது. பன்னிரண்டரைக்கே போய்விடுங்கள். ஒன்றரைக்கு மேல் சுற்றுலாப் பேருந்துக் கூட்டம் வந்து உட்காரும்.

ஏரிக்கரையில் மாலையில் மிளகாய் பஜ்ஜியும் சுட்ட மக்காச்சோளமும். பஜ்ஜியைச் சட்டியிலிருந்து எடுக்கும்போது வாங்குங்கள். அடுக்கி வைத்திருப்பது குளிரில் ஐந்தே நிமிடத்தில் சவசவத்துப் போகும்.

10. வாங்கும் பொருள்களில் ஏமாறும் இடங்கள்

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குப் பிறகு எல்லாக் கடையிலும் எல்லாப் பூண்டும் மலைப்பூண்டு ஆகிவிட்டது. ஒரு பல்லை உரித்து நகத்தால் கீறி முகர்ந்து பாருங்கள். மலைப்பூண்டின் காரம் மூக்கில் ஏறும். விலை சாதாரணப் பூண்டைவிட நன்றாகவே கூடுதல். ரொம்ப மலிவாகச் சொன்னால் யோசியுங்கள். பூம்பாறைப் பக்கம் போகிறவர்கள் அங்கேயே வாங்கிவிடலாம்.

வீட்டுச் சாக்லேட் என்று விற்பதில் பெரும்பகுதி தாவர எண்ணெய்க் கொழுப்பில் செய்தது. பொட்டலத்தில் கோகோ வெண்ணெய் என்று இருக்கிறதா பாருங்கள். எழுத்தே இல்லாத பொட்டலம் என்றால் சுவைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். மெழுகுபோல் மேலண்ணத்தில் ஒட்டினால் வேண்டாம்.

பாலாடைக்கட்டி நன்றாக இருக்கும், ஆனால் கடைசி நாள் காலையில் வாங்கித் துணியில் சுற்றி எடுத்து வாருங்கள். ஞாயிறு சந்தையில் பட்டர் ஃப்ரூட், பேரி, பருவத்தில் ப்ளம்ஸ், மலைவாழை. வாழையைச் சீப்பாக வாங்குகிறவர்கள் பாதி காயாக உள்ளதை எடுங்கள், வீட்டில் மூன்று நாளில் பழுக்கும்.

11. இறங்குவது

மதியம் மூன்றுக்குள் பேருந்து ஏறிவிடுங்கள். மாலையில் மலைப்பாதையில் மூடுபனி இறங்கினால் வண்டி நத்தையாகிவிடும். மதுரையில் இரவு ரயில் பிடிக்க வேண்டியவர்கள் குறைந்தது ஆறு மணி நேரம் இடைவெளி வையுங்கள். போன தடவை எங்களுக்கு இரண்டு பேருக்குப் பயணம், ஒரு இரவு அறை, டாக்ஸி, சாப்பாடு எல்லாம் சேர்த்து மதுரையிலிருந்து 4,500 ரூபாய்க்குள் அடங்கியது. பூண்டும் சாக்லேட்டும் தனி.

பூண்டை மட்டும் இரட்டைத் துணிப்பையில் கட்டி மேலே வைத்துவிடுங்கள். நாங்கள் மடியில் வைத்திருந்தோம். வத்தலக்குண்டு வருவதற்குள் முன்வரிசை அம்மா இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, மூன்றாவது தடவை, "கிலோ எவ்வளவுக்கு வாங்கினீங்க?" என்று கேட்டார்.